இரண்டிலிருந்து மூன்றுக்கு

காலையில் மட்டும்தான் அதற்கு நோவு.

நெய்யூரிலிருந்து இரணியல் ஸ்டேஷனுக்கு
மூன்று கிலோமீட்டர், நடுவில் ஒரு ஏற்றம்.
கட்டைவிரல் நோக அமுக்கினால் இரண்டு விழும்.
ஏறிவிடுவேன்.
ஏறியபின் சமதரையில்
மூன்றுக்கு விடுவித்தால்
லிவர் க்ளிக் என்று பதில் சொல்லும்,
செயின் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாது.
தையல் மெஷின் மாதிரி கால்கள் அடிக்க
சைக்கிள் மனமில்லாமல் நகரும்.
நெற்றியில் லைட் கட்டிய ரப்பர் வெட்டுக்காரர்
சாரத்தை மடித்துக் கட்டி, நடந்தே என்னைத் தாண்டிப் போவார்.
ஒருநாள் திரும்பிப் பார்த்தார்.
சிரித்தாரா தெரியவில்லை, முகமெல்லாம் வெளிச்சம்.

ஸ்டேஷனில் மடக்கி
சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு
திருவனந்தபுரம் வரை அதையே யோசிப்பேன்.
"பிள்ளைக்கு வாங்கினதா?" என்று
குழித்துறையில் ஏறும் அக்கா
வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

சனிக்கிழமை, தக்கலையில் பெனட் கடை. உச்சி வெயில்.
ஸ்டாண்டில் மாட்டி, பெடலைச் சுழற்றி
ஒன்று முதல் ஆறு வரை, ஆறிலிருந்து ஒன்று வரை
தாயக்கட்டை போல உருட்டிக் காட்டினான்.
"ஒரு கொழப்பமும் இல்லியே பெல்சி."
"காலம்பற சிக்குது."
"அப்போ காலம்பற வா."
"காலம்பற உன் கடை பூட்டிக் கெடக்கும்."
மடக்குற வண்டியில்லா, மடிப்புல ஒடிஞ்சிருக்கும் என்று
கேபிளுக்குப் புது உறை போட்டான்.
பின்சக்கரத்துத் திருகைக் கால் சுற்று திருப்பினான்,
கொஞ்சம் யோசித்து, அதே கால் சுற்றைத் திரும்ப எடுத்தான்.
நூற்றிருபது ரூபாய்.

திங்கள் காலை, மறுபடியும் இரண்டு.

நான் பார்ப்பது ரத்த வங்கியில் வேலை.
இரண்டு மணிக்கொருதரம்
குளிர்பெட்டியின் சூட்டை நோட்டில் எழுதுவேன்:
நாலு, நாலு, நாலரை, நாலு.
கூடிவிட்டால் யாரை எழுப்ப வேண்டும் என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது.
அந்த நான்தான்
ஐப்பசி மழையில் துருப்பிடிக்காமலிருக்க
ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து
கேபிள் உறைக்குள் ஐந்து மில்லி ஏற்றியிருந்தேன்.
பெனட் போட்ட புது உறைக்கும், வீட்டுக்கு வந்த கையோடு.

மார்கழி பிறந்து நாலாம் நாள்.
எதிர்வீட்டில் கிறிஸ்மஸ் ஸ்டார் விடிந்தும் அணையாமல் எரிந்தது.
தலைக்குத் தேய்க்கக் குப்பியைக் கவிழ்த்தேன்.
வரவில்லை.
தட்டினேன். வரவில்லை.
உள்ளே தேங்காயெண்ணெய்
வெள்ளை வெளேரென்று உறங்கிக்கொண்டிருந்தது.

குப்பியும் கையுமாக முற்றத்துக்குப் போனேன்.
சாயாவுக்குக் கொதித்த வெந்நீரை
லிவரிலிருந்து மடிப்பு வரை,
மடிப்பிலிருந்து பின்சக்கரம் வரை
பைய ஊற்றினேன்.
பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைத் தள்ளினேன்.
இரண்டு. மூன்று.
இரண்டு. மூன்று.
பத்துத் தடவை. பத்துத் தடவையும் மூன்று.

இழுப்பதற்கு என் கட்டைவிரல் இருந்தது.
திரும்பிப் போக அதற்கு இருந்ததோ
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஸ்பிரிங்.
அதையா இத்தனை நாள் திட்டினேன்.

எறும்புகளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.
கார்த்திகை முழுக்க லிவருக்கும் உறைக்கும் நடுவே
வரிசை வைத்திருந்தன.
தட்டிவிட்டுத்தான் ஏறி உட்காருவேன்.

ட்ரெயின் கூவிக்கொண்டு போவது வீடு வரை கேட்டது.

கேபிளை உருவி, பெட்ரோல் துணியால் துடைத்து,
ஸ்டார் எரிந்த வீட்டு டெய்லர் லில்லிபாயிடம்
மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கி விட்டேன்.
மூன்றே சொட்டு.
பெனட்டிடம் சொல்லப்போவதில்லை.

தலைக்கு எண்ணெய் வைக்காமலே
அடுத்த ட்ரெயினில் வேலைக்குப் போனேன்.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
'எண்ணெய்' என்று எழுதி, அடித்துவிட்டு,
'வண்டி' என்று எழுதினேன்.